இருபத்தெட்டுக் காயிலும் என் பேர்

இந்த ஞாயிற்றுக்கிழமை குன்னம் போவதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன். உறுதியான முடிவு. டிரைவரே இறங்கி வந்து தன் சீட்டைக் கொடுத்தாலும் அந்த பஸ்ஸில் ஏறமாட்டேன்.

இதே முடிவைப் போன ஞாயிறும் எடுத்தேன். அதற்கு முந்தின ஞாயிறும் எடுத்தேன். இரண்டு முறையும் எடுத்த இடம், குன்னம் போகிற பஸ்.

விஷயம் இதுதான். குன்னம் என் மனைவி கலையரசியின் ஊர். அவள் தம்பி அருள்முருகன் அங்கே சின்ன வெங்காயம் போட்டிருக்கிறான். பொங்கல் கழிந்தால் அறுவடை. பிடுங்கிய வெங்காயத்துக்குத் தாள் அறுக்க வேண்டும். அறுத்ததைக் கெடாமல் குவித்துவைக்கப் பட்டறை போட வேண்டும். வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை. ஆள் கிடைக்காத ஊரில் யார் கிடைப்பார்? அக்கா வீட்டுக்காரர் கிடைப்பார்.

நான் அரியலூரில் ஒரு லாரி ஆபீசில் கணக்கு எழுதுகிறேன். தினமும் பெரம்பலூரிலிருந்து போய் வருகிறேன். அங்கே ஓடுவதெல்லாம் சிமெண்ட் லாரி. வாரம் முழுக்கத் தூசியில் இருமல். ஞாயிற்றுக்கிழமை வெங்காயத்தில் அழுகை. எனக்கென்று ஒரு நல்ல காற்று இந்த இரண்டு மாவட்டத்திலும் இல்லை.

அழுவதுகூடப் பரவாயில்லை. அங்கே தார்ப்பாய் நிழலில் வேலைக்கு வந்த பெண்களுக்கு நடுவில் என்னை உட்கார வைத்துவிடுகிறார்கள். போன வாரம் கண்ணீர் கொட்டக் கொட்ட உட்கார்ந்திருந்தேன். ஒரு அம்மாள் எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

"ஏண்ணே அழுவுறீங்க? அக்கா அடிச்சிடுச்சா?"

கூட்டமே சிரித்தது. கலையரசியும் சிரித்தாள். அவள் மறுக்காமல் சிரித்ததுதான் எனக்கு உறைத்தது.

தப்பிக்க நான் முயலாமல் இல்லை. முதுகு வலி என்றேன். சாய்ந்து உட்கார நாற்காலியும் தைலமும் எனக்கு முன்னாலேயே குன்னம் போய்ச் சேர்ந்தன. ஆபீசில் அவசர வேலை என்றேன். முதலாளிக்கே போன் போட்டுக் கேட்டுவிட்டாள். "ஞாயித்துக்கெழம என்னம்மா வேலை, தாராளமா கூட்டிட்டுப் போங்க" என்றார் அவர். நானாகக் கேட்டால் அரை நாள் லீவு தராத மனிதர்!

இந்த நிலைமையில்தான் என் கைக்கு டோமினோ வந்தது.

பக்கத்து வீட்டு ஹபிபுல்லா பாய் லப்பைக்குடிகாட்டுக்காரர். பிள்ளைகள் படிப்புக்காகப் பெரம்பலூரில் வீடு கட்டி, மனைவி ஜைனம்புவையும் பிள்ளைகளையும் இங்கே வைத்துவிட்டு, சவூதியில் வேலை பார்க்கிறார். இப்போது விடுமுறையில் வந்திருக்கிறார். சாயங்காலமானால் அவர் வீட்டு போர்டிகோவில் இரண்டு நாற்காலி, ஒரு ஸ்டூல், இரண்டு டம்ளர் பால் சேர்க்காத சுலைமானி டீ, ஒரு பெட்டி டோமினோ.

"எங்க கேம்புல எகிப்துக்காரங்க கத்துக் குடுத்தாங்க தம்பி. வெள்ளிக்கெழம தொழுவிட்டு வந்தா இதான் பொழுதுபோக்கு. காய அடிக்கிற சத்தத்துல கூரையே அதிரும்" என்றார்.

எனக்கும் அடித்துக் காட்டினார். டப்! ஸ்டூல் குதித்தது. டீ சிந்தியது. உள்ளேயிருந்து ஜைனம்புவின் குரல் வந்தது. பாய் அடுத்த காயைப் பூப்போல வைத்தார். ஆட்டம் எல்லா வீட்டிலும் ஒன்றுதான் போலிருக்கிறது.

சில நாளில் எனக்கு ஆட்டம் பிடிபட்டது. பாய் புதுப் பெட்டி ஒன்று வாங்கி வைத்திருந்ததால் பழைய பெட்டியை எனக்கே கொடுத்துவிட்டார். அதைக் கையில் வாங்கியபோதுதான் மூளையில் பல்பு எரிந்தது. இது ஒரு விளையாட்டு. எனக்குத் தெரியும். கலையரசிக்குத் தெரியாது. கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு நிலைமை எங்கள் வீட்டில் வந்ததே இல்லை. அவளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். அரைகுறையாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். பிறகு ஞாயிற்றுக்கிழமையைப் பந்தயமாக வைத்து ஜெயிக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை பெட்டியோடு வீட்டுக்குள் நுழைந்தேன்.

"என்னாங்க அது, சோப்புக்கட்டியா?"

"டோமினோ. வெளிநாட்டு ஆட்டம்."

"யாருது?"

"என்னுது. பாய் குடுத்தாரு."

"உங்களுதா? எங்க, உங்க பேரக் காணும்?"

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது.

எங்கள் வீட்டுப் பாத்திரங்களை நீங்கள் பார்க்க வேண்டும். குடத்தில் 'கலையரசி, குன்னம்'. குண்டானில் 'கலையரசி, குன்னம்'. நான் தண்ணீர் குடிக்கிற டம்ளரில், சாப்பிடுகிற தட்டில், தட்டுக்கு வெளியே போடுகிற கறிவேப்பிலையை வாங்கிக்கொள்கிற கிண்ணத்தில், எல்லாவற்றிலும் அதேதான். எல்லாம் அவள் அப்பா பேர் வெட்டிக் கொடுத்த சீர். மிச்சமுள்ளவற்றில் மொய்க்கு வைத்தவர்கள் பேர். ஊர் உலகத்துப் பேரெல்லாம் எங்கள் சமையலறையில் இருக்கிறது. இல்லாத ஒரே பேர், குடும்பத் தலைவன் பேர்.

"பேர் இல்லாத சாமான இந்த வூட்டுல வெக்காதீங்க. பழைய சாமான்காரன் வந்தான்னா எது நம்மளுது, எது வீணுன்னு எனக்குத் தெரியாது, போட்டுருவேன்" என்றாள்.

புதன்கிழமை சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி நேராகக் கடைவீதிப் பாத்திரக்கடைக்குப் போனேன். அங்கே வாசலில் உட்கார்ந்து பேர் வெட்டுகிறவர் குருநாதன். கையில் பேனா மாதிரி மெஷின். டர்ரென்று ஓட்டினால் எவர்சில்வரில் எழுத்து விழும்.

"தட்டா சார், டம்ளரா?"

பெட்டியைத் திறந்து காட்டினேன். புள்ளி இருந்த பக்கத்தைப் பார்த்தார். புள்ளி இல்லாத பக்கத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இது எல்லாத்துலயுமா?"

"எல்லாத்துலயும். முதுகுப் பக்கம். ம. உத்திராபதி, பி.காம்."

"பி.காமும் வேணுமா சார்?"

"அது இல்லாம எப்படி?"

பெட்டியில் காய்கள் வரிசையாக இருந்தன. ஒன்றுமில்லாத வெறுங்காயில் ஆரம்பித்து, பெரிய டபுள் ஆறில் முடிகிற வரிசை. குருநாதன் முதலிலிருந்து ஆரம்பித்தார். முதல் காயில் என் முழுப் பேரும் பட்டமும் முத்து முத்தாக விழுந்தன. பார்க்கப் பார்க்கப் பூரிப்பாக இருந்தது. அடுத்த வரிசையில் பி.காம். போய்விட்டது. இடமில்லையாம். பாதிப் பெட்டி நெருங்கும்போது இனிஷியலும் போனது. அந்த நேரம் பார்த்துக் கல்யாண வீட்டார் ஒரு கூட்டம் அண்டா குண்டானோடு வந்து இறங்கியது. யாரோ இடித்ததில் ஒரு காயில் கோடு இழுத்துவிட்டது. அதன்பிறகு குருநாதன் கண் சீர்ப் பாத்திரத்தின் மேல்தான் இருந்தது. உத்திராபதி, உத்திராப ஆனான். உத்திரா ஆனான். உத் ஆனான். கடைசி வரிசையில் வெறும் 'உ'.

"என்னங்க இது, பிள்ளையார் சுழி போட்டுக் குடுக்கறீங்க?"

"மங்களகரமா இருக்கட்டும் சார்" என்று சொல்லிவிட்டு அவர் அண்டாவைப் பிடித்துக்கொண்டார்.

இருந்தாலும் மனசு நிறைந்திருந்தது. என் பேரில் ஒரு பொருள். அதுவும் ஒன்றல்ல, இருபத்தெட்டு.

வியாழக்கிழமை பாடம் ஆரம்பித்தேன். கூடத்து டீப்பாயின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள்.

"மொத்தம் இருவத்தெட்டு காயி. நடுவுல ஒரு கோடு. கோட்டுக்கு ரெண்டு பக்கமும் புள்ளி."

"கோலமா?"

"கோலம் இல்ல கலை. சைபர்லேந்து ஆறு வரைக்கும் எண்ணு. இதுல பாரு, ஒரு பக்கம் மூணு, ஒரு பக்கம் அஞ்சு. இதுல ரெண்டு பக்கமும் நாலு. இதுக்குப் பேரு டபுள்."

"இதுல ஒன்னுமே இல்லியே?"

"அது சைபருக்கு சைபர். ஒன்னும் இல்லன்னாலும் அதுவும் ஆட்டத்துல உண்டு."

"ஓ. உங்கள மாதிரி."

பொறுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைக்காக எதையும் பொறுக்கலாம்.

"எல்லாத்தையும் கவுத்துப் போட்டுக் கலைக்கணும். ஆளுக்கு ஏழு எடுத்துக்கணும். மிச்சம் நடுவுல கெடக்கும். கையில இருக்கறது சேரலன்னா அதுலேந்து எடுத்துக்கலாம்."

"பட்டறை."

"என்னாது?"

"குவிச்சி வெச்சி, வேணுங்கறப்ப எடுத்துக்கறது. வெங்காயப் பட்டறை மாதிரி."

என் ஆட்டத்துக்குள்ளும் வெங்காயம் வந்துவிட்டது. ஆனால் விளக்கம் சரியாக இருந்ததால் மறுக்க முடியவில்லை.

"எடுத்த காய இப்டி நிமித்தி வரிசையா வெக்கணும். புள்ளி உன் பக்கம், முதுகு எதிராளி பக்கம். பக்கத்துல இருக்கவங்க பேசக் கூடாது. ஒருத்தர் புள்ளிய ஒருத்தர் பாக்கக் கூடாது."

"முதுகப் பாக்கலாமா?"

"முதுகுல என்னா இருக்கு? எம் பேருதான் இருக்கு. நல்லாப் பாரு."

அவளும் பார்த்தாள்.

"பெரிய டபுள் யாருகிட்ட இருக்கோ அவங்க மொதல்ல வெக்கணும். அடுத்தவங்க அந்த முனையோட சேர்ற காய வெக்கணும். ஆறுக்கு ஆறு, மூணுக்கு மூணு. டபுள் வந்தா அத மட்டும் குறுக்க வெக்கணும்."

"ஏன் குறுக்க?"

"அப்டித்தான்."

"காரணமே இல்லாம குறுக்கப் படுத்துக் கெடக்கும். கூடத்துல நீங்க படுக்கற மாதிரி. சரி, சேர்ற காயி கையில இல்லன்னா?"

"கெடைக்கிற வரைக்கும் பட்டறையில, சீ, நடுவுலேந்து எடுத்துக்கிட்டே இருக்கணும்."

"பொருத்தம் கெடைக்கிற வரைக்கும். நல்ல ஆட்டம்தான். எங்கப்பா மொதக் காயோட நிறுத்திட்டாரு."

இதையும் பொறுத்துக்கொண்டேன். எனக்கே என்னை நினைத்துப் பெருமையாக இருந்தது.

"யாரு கை மொதல்ல காலியாவுதோ அவங்க ஜெயிச்சாங்க. அடுத்தவங்க கையில எவ்ளோ புள்ளி மிச்சமோ அவ்ளோ கேவலம்."

"அப்ப வெச்சிருக்கவங்க தோத்தவங்க, ஒன்னும் இல்லாதவங்க ஜெயிச்சவங்க."

"ஆமா."

"இல்லாதப்பட்டவங்க கண்டுபிடிச்ச ஆட்டம் போலருக்கு."

ஒரே ஒரு விதியை மட்டும் நான் சொல்லவில்லை. சில சமயம் பட்டறையும் காலியாகி, இரண்டு பேராலும் வைக்க முடியாமல் ஆட்டம் அடைத்துக்கொள்ளும். அப்போது யார் கையில் புள்ளி குறைவோ அவர்களுக்கே வெற்றி. இது ஆபத்துக்கு உதவும் என்று இடுப்பில் முடிந்துகொண்டேன்.

அன்றைக்கே இரண்டு ஆட்டம் ஆடினோம். இரண்டிலும் நான்தான் ஜெயித்தேன். "இத எங்க வெக்கிறது?", "இது சேருமா?" என்று என்னையே கேட்டுக் கேட்டு ஆடினாள். எனக்கே பாவமாக இருந்தது. அந்தப் பாவத்தைப் பொருட்படுத்தாமல் பந்தயத்தைப் போட்டேன்.

"சனிக்கெழம ஆபீஸ் அரை நாள். மத்தியானம் ஆடுவோம். அஞ்சு ஆட்டம், மூணு ஜெயிச்சவங்களுக்குப் பந்தயம். நான் ஜெயிச்சா வெங்காயம் முடியற வரைக்கும் எந்த ஞாயித்துக்கெழமயும் குன்னம் வரமாட்டேன். கூடத்துல தூங்குவேன்."

"குறுக்கவா?"

"எப்டி வேணா தூங்குவேன்."

"நான் ஜெயிச்சா?"

"ஒரு முனகல் இல்லாம வரேன். முதுகு வலின்னு சொல்லமாட்டேன்."

கொஞ்சம் யோசித்தாள். எனக்குத் தெரியாத ஆட்டமாச்சே என்றாள். பழகிடும் என்றேன். சரி என்று பெருமூச்சு விட்டாள். அந்தப் பெருமூச்சை நான் நம்பினேன். அதுதான் நான் செய்த முதல் முட்டாள்தனம் என்று சொல்ல ஆசைதான். ஆனால் வரிசையில் அது ரொம்பப் பின்னால் வரும்.

வெள்ளிக்கிழமை காலை குளித்துவிட்டு வந்தால், கூடத்தில் துண்டு விரித்து என் காய்களை வரிசையாகக் கவிழ்த்து வைத்திருக்கிறாள். ஒவ்வொன்றாக எடுத்து ஈரத்துணியால் முதுகைத் துடைக்கிறாள். புள்ளியைப் பார்க்கிறாள். திரும்பக் கவிழ்க்கிறாள்.

"என்னா பண்ற?"

"பேரு வெட்டுன எடத்துல அழுக்கு ஏறுதுங்க. அதான் தொடச்சி வெக்கிறேன்."

என் பேரை என் மனைவி துடைக்கிறாள்! வெங்காயம் இல்லாமலே கண் கலங்கிவிட்டது. அன்று சாயங்காலம் அவள் பூ வாங்கக் கடைவீதி போனபோதுகூட, மறக்காமல் கட்டைப்பையை நானே எடுத்துக் கொடுத்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் ஆட்டம் தொடங்கியது. காய்களைக் கவிழ்த்துக் கலைத்தேன்.

"நீயே மொதல்ல எடு" என்றேன். கத்துக்குட்டிக்கு மரியாதை.

இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று எடுத்தாள். ஒன்றைத் தொட்டு விட்டுவிட்டு அடுத்ததை எடுத்தாள். கடையில் கத்தரிக்காய் பொறுக்குகிற பழக்கம், போகாது என்று நினைத்துக்கொண்டேன். மிச்சத்தில் நான் ஏழு எடுத்தேன். டபுள் ஆறு எனக்கே வந்தது! கூடவே ஆறு அஞ்சு, டபுள் அஞ்சு, ஆறு நாலு. எல்லாம் கனமான காய்கள். ராஜ கை என்று மீசையைத் தடவிக்கொண்டேன்.

டபுள் ஆறை ஓங்கி அடித்தேன். டப்!

"மெதுவா. டீப்பாய் எங்கூட்டு சீரு."

அடுத்த காயைப் பூப்போல வைத்தேன்.

நாலைந்து சுற்று போயிருக்கும். இரண்டு முனையிலும் மூன்று வருகிற மாதிரி ஒரு காயை வைத்துவிட்டு அவள் சொன்னாள்.

"உங்ககிட்ட மூணு இல்ல. எடுத்துக்குங்க."

என்னிடம் மூன்று இல்லைதான்.

"ஒனக்கு எப்டித் தெரியும்?"

"மொகத்துல தெரியுது."

பட்டறையிலிருந்து எடுத்தேன். எடுத்துக்கொண்டே இருந்தேன். அவளுக்கு ஒருமுறை காய் வேண்டியிருந்தது. கையை நீட்டி நடுவிலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்தாள். அதுவே சேர்ந்தது. முதல் ஆட்டம் போயிற்று. என் கையில் மிச்சமிருந்த புள்ளிகளை அவள் எண்ணவில்லை. "கெடக்கட்டும் விடுங்க" என்றாள். அது எண்ணுவதைவிட மோசமாக இருந்தது.

முகத்தில்தானே தெரிகிறது? இரண்டாவது ஆட்டத்துக்குத் துண்டை எடுத்து மூக்கு வரைக்கும் கட்டிக்கொண்டேன்.

"கொள்ளையடிக்கவா போறீங்க?"

"ஆடு."

மறுபடியும் டபுள் ஆறு எனக்கே வந்தது. மறுபடியும் அவள் சொன்னாள்.

"உங்ககிட்ட ஒன்னும் இல்ல, ரெண்டும் இல்ல."

திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் பீரோ. பீரோவில் ஆளுயரக் கண்ணாடி! அப்படிப் போடு! எழுந்து போய்ப் போர்வையைக் கொண்டுவந்து கண்ணாடியை மூடிவிட்டு, நடுவிலிருந்து ஒரு காயை எடுத்தேன்.

"இப்பச் சொல்லு."

"இப்ப எடுத்ததும் ஒன்னு இல்ல. ஆறு அஞ்சு."

ஜன்னலைப் பார்த்தேன். பக்கத்து மாடியில் ஜைனம்பு துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சைகையா? ஜன்னலைச் சாத்தினேன். செல்போனை அணைத்தேன். சாமி படத்துக் கண்ணாடியில்கூடச் சந்தேகம் வந்து, பெருமாளைச் சுவர் பக்கம் திருப்பினேன். கூடம் புழுங்கியது. துண்டுக்குள் வியர்த்து ஊற்றியது. அவள் முந்தானையால் விசிறிக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தாள்.

பட்டறை காலியானது. என் முன்னால் காய்கள் மதில்போல நின்றன. இரண்டு முனையிலும் நான்கு. அவளாலும் வைக்க முடியவில்லை, என்னாலும் முடியவில்லை. அடைத்துக்கொண்டது! இடுப்பில் முடிந்த விதியை எடுத்து வீசினேன்.

"கலை! ஒனக்கு ஒரு விதி சொல்லல. ஆட்டம் அடச்சிக்கிட்டா கையில புள்ளி கம்மியா இருக்கவங்க..." அந்த இடத்தில்தான் என் மதிலை நானே பார்த்தேன்.

"சொல்லுங்க. இருக்கவங்க?"

"...ஜெயிச்சாங்க."

அவள் கையில் இருந்த ஒரே காயைத் திருப்பிக் காட்டினாள். சைபரும் ஒன்றும். ஒரே ஒரு புள்ளி.

"பட்டறையில மோட்டா வெங்காயத்த எல்லாம் நீங்களே அள்ளிட்டீங்க. பாவம்" என்றாள்.

மூன்றாவது ஆட்டம் நடக்கும்போது ஹபிபுல்லா பாய் உள்ளே வந்தார். பொழுது சாயுமுன்னே ஜன்னல் சாத்தியிருப்பதைப் பார்த்து, யாருக்கும் உடம்பு சரியில்லையோ என்று விசாரிக்க வந்தவர். துண்டு கட்டிய என்னைப் பார்த்தார். போர்வை போர்த்திய பீரோவைப் பார்த்தார். அவள் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று என் காய்கள் இருந்த பக்கம் பார்த்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது.

"தம்பி, இந்தக் காயி முதுகுல என்னா..."

"அண்ணே! ஆட்டம் நடக்கறப்பப் பக்கத்துல இருக்கவங்க பேசக் கூடாது. உங்க தம்பிதான் விதி சொன்னாரு" என்றாள் கலையரசி.

பாய் வாயைப் பொத்திக்கொண்டார். ஆட்டம் சீக்கிரமே முடிந்தது. மூன்றும் அவளுக்கே. நான் துண்டை அவிழ்த்தேன். பாய் வாயிலிருந்து கையை எடுத்தார். தெருவே கேட்கிற மாதிரி சிரித்தார்.

"வல்லாஹி தம்பி! எங்க கேம்புல எவனாச்சும் காயிக்குப் பின்னாடி குறி வெச்சா பொட்டியக் கட்டி ஊருக்கு அனுப்பிருவாங்க. நீங்க உங்க காயிக்கு நீங்களே குறி வெச்சி, அதயும் வரிசையா எதிராளிக்கு நிமித்திக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்க! இத்தன வருசத்துல நான் இப்டி ஒரு ஆளப் பாத்ததே இல்ல!"

எனக்கு இன்னும் புரியவில்லை. கலையரசி புரியவைத்தாள். கவிழ்ந்து கிடந்த ஒரு காயில் விரலை வைத்தாள்.

"ம. உத்திராபதி, பி.காம். இது சைபருக்கு சைபர்." திருப்பினாள். வெறுங்காய்.

"இது உத்திராபன்னு நிக்குது. ரெண்டு, நாலு." திருப்பினாள். இரண்டு, நாலு.

"இதுல கோடு இழுத்துருக்கு. டபுள் மூணு." டபுள் மூன்றேதான்.

"வெறும் 'உ' போட்டதெல்லாம் கனமான காயி. அத எதுக்கு நான் எடுக்கப் போறேன்? உங்களுக்கே விட்டுட்டேன்."

எடுத்தபோதெல்லாம் டபுள் ஆறு எனக்கே வந்த ராஜயோகத்தின் லட்சணம் இதுதான்.

"எல்லா 'உ'வும் ஒரே மாதிரிதானே இருக்கு? அதுல எது எதுன்னு எப்டி?"

"நம்ம கல்யாணத்துக்கு வந்த டம்ளர் எல்லாம்கூட ஒரே மாதிரிதான் இருக்கு. எழுத்து எப்டி விழுந்துருக்குன்னு பாத்தே எது பெரியம்மா வெச்சது, எது சித்தப்பா வெச்சதுன்னு சொல்லுவேன். இருவத்தெட்டு காயி ஒரு கணக்கா?"

ஆத்திரம் தலைக்கேறியது.

"இது மோசடி! பாய், நீங்களே சொல்லுங்க. இது மோசடியா இல்லியா?"

"நான் குறி வெச்சேனா?" என்றாள் அவள். "நீங்க வெச்சீங்க. நான் திருட்டுத்தனமா பாத்தேனா? முதுகப் பாக்கலாமான்னு கேட்டேன். நல்லாப் பாருன்னீங்க. பாத்தேன்."

பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

"பந்தயம் கட்டறதே ஹராம் தம்பி. இதுல நான் தலையிட மாட்டேன். ஆனா அது சொல்றதுல தப்பு ஒன்னும் தெரியல."

ஞாயிற்றுக்கிழமை. குன்னம். தார்ப்பாய் நிழல். ஒரு முனகல் இல்லாமல் தாள் அறுத்தேன். கண்ணீர் தாரையாக ஓடியது. "இந்த வாரமும் அடிச்சிடுச்சா?" என்று அந்த அம்மாள் கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். மறுத்துப் பேசவும் பந்தயத்தில் இடமில்லை.

மத்தியானம் சாப்பாட்டு வேளையில் கலையரசி கட்டைப்பையிலிருந்து ஒரு எவர்சில்வர் டிபன் டப்பாவை எடுத்து என் கையில் கொடுத்தாள். புதுசு. பளபளவென்று மின்னியது. மூடியில் குருநாதனின் எழுத்து. ம. உத்திராபதி, பி.காம். ஒரு எழுத்துக் குறையவில்லை. இனிஷியல் இருந்தது. பட்டம் இருந்தது.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த அம்மாள் கண்ணில் படுகிற மாதிரி மூடியைத் தூக்கிப் பிடித்தேன். என்ன இருந்தாலும் பெண்டாட்டி. புருஷனுக்கென்று ஒரு பாத்திரம் வேண்டும் என்று அவளுக்கும் தோன்றியிருக்கிறது. மூடியைத் தடவினேன். அடியில் இன்னொரு வரி விரலில் பட்டது. வெயிலில் திருப்பிப் படித்தேன்.

'குன்னம்.'

"கலை, நம்ம ஊரு பெரம்பலூரு."

"வூடுதான் அங்க. டப்பா இங்கயேதான் இருக்கப் போவுது. வாரா வாரம் தூக்கிக்கிட்டு அலைவாங்களா? சாப்புடுங்க, ஆறிடும்."

சோற்றைப் பிசைந்தேன். இரண்டு வாய் போட்டபிறகுதான் ஒன்று உதைத்தது. ஆட்டம் முடிந்ததே நேற்றுப் பொழுது சாயும்போது. இன்று காலை முதல் பஸ்ஸில் கிளம்பிவிட்டோம்.

"இத எப்ப வெட்டி வாங்குன?"

"வெள்ளிக்கெழம பூ வாங்கப் போனேன்ல, அப்பதான்" என்றாள் என் மனைவி. "சனிக்கெழமன்னா கடையில கூட்டமா இருக்கும்."